நம்ம ஊரில் எரிமலை வராது, அண்ணா

மின்கம்பத்தின் உச்சியில் இருந்துகொண்டே என் பெயரைக் கத்திக் கூப்பிட்டு, தெருவையே திரும்பிப் பார்க்கவைத்த என் செல்வம் அண்ணாவுக்கு,

நலமா என்று உன்னைக் கேட்க முடியாது. நான் நலமாக இல்லை. பயமாக இருக்கிறது. இரண்டு வாரமாகத் தரையில் கால் வைக்கும்போதெல்லாம் பயம். குளியலறைக்குக்கூடச் செருப்போடு போகிறேன்.

நீ போய் மூன்று வருடம். இதுவரை உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதுவதை எப்போதும் கொஞ்சம் கூச்சத்தோடுதான் பார்த்திருக்கிறேன். ஆனால் இதை உயிரோடு இருக்கும் யாரிடமும் முதலில் சொல்ல முடியவில்லை. உன்னிடம் சொல்லிப் பழகிக்கொள்கிறேன்.

ஊரில் எரிமலை வந்துவிட்டது என்றார்கள், அண்ணா.

சிரிக்காதே. அதை முதலில் சொன்னது நான்தான்.

ஆடி மாதத்துச் சனிக்கிழமை. படூரில் நான் பாடம் எடுக்கும் கல்லூரியில், இரண்டு வகுப்புகளுக்கு நடுவே தாழ்வாரத்தில் நின்றிருந்தேன். பக்கத்து வீட்டுப் பூங்காவனம் அத்தையிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு வீடியோ. அம்மன் கோயிலுக்குப் பின்னால், முள்ளுக்காட்டு ஓரம். தரையில் ஒரு சாண் அகலத்துக்குத் துளை. அதிலிருந்து புகை. விளிம்பில் சிவப்பாக ஏதோ கொதித்து, வழிந்து, கறுப்புக் கண்ணாடிபோல் உறைந்திருந்தது. எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான்.

உடனே அம்மா போன் செய்தாள்.

"இன்னாடி இது? நீ இதத்தான படிச்ச?"

"பாத்தா பிளவு எரிமலை மாதிரி கீதும்மா."

அரை நிமிடப் பேச்சு. மணி அடித்தது. வகுப்புக்குப் போய்விட்டேன்.

ஏன் சொன்னேன்? ஏழு வருடம் பூமியைப் படித்தேன். என்ன வேலைக்குப் படிக்கிறாய் என்பதைத் தவிர ஊரில் யாரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. உன்னைத் தவிர யாரும். முதல்முறையாகக் கேட்டார்கள். தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை.

சாயங்காலம் அம்மா மறுபடி அழைத்தாள். குரலில் ஒரு பெருமை. நீ போன பிறகு நான் கேட்காத குரல்.

"எம்பொண்ணே சொல்லிட்டா, எரிமலைதான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ஆத்தாளுக்கு உள்ள சூடு தாங்கல, அதான் கக்குறா. நாளைக்கிக் காலைல இருபத்தோரு குடம் மஞ்சத்தண்ணி ஊத்தப்போறோம். கண்டுபுடிச்சவளப் பெத்தவ நீ, மொதக் குடம் உன்னுதுன்னு பூங்காவனம் சொல்லிட்டா."

"கிட்ட போவாத. ஆவி அடிக்கும். தள்ளி நின்னு ஊத்து" என்றேன்.

ஊத்து என்றேன், அண்ணா.

ஞாயிற்றுக்கிழமை காலை கோவளத்தில் பஸ் பிடித்தேன். மாமல்லபுரத்தில் இறங்கி, திருக்கழுக்குன்றம் ரோட்டில் போகும் பஸ்ஸுக்கு மாற வேண்டும். உட்கார்ந்ததுமே நான் சொன்ன பதில் உறுத்தத் தொடங்கியது. அந்தச் சூடு எங்கிருந்து வந்தது?

நீயும் ஒருமுறை இதே கோவளத்தில், கடற்கரையில் மீன் தின்றுகொண்டே கேட்டாய். "எரிமலை எத்தினி டைப்பு?" பூமிக்குள்ளே எங்கு பார்த்தாலும் நெருப்புக் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்திருந்தாய். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இல்லை. நமக்குக் கீழே வெகு ஆழம்வரை இருப்பது பாறைதான். சூடான, ஆனால் உருகாத பாறை. மேலே இருக்கும் கனம் அதை உருகவிடாமல் அமுக்கிவைத்திருக்கிறது.

அது உருக மூன்று வழிகள் உண்டு. நிலத்தட்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகினால் அழுத்தம் குறையும், கீழே உள்ள பாறை மேலேறிக்கொண்டே உருகும். கடலடியில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. அல்லது மிக ஆழத்திலிருந்து கூடுதல் சூட்டோடு ஒரு பாறைத்தூண் மெல்ல எழும்பி வரும். மூன்றாவது வழியைத்தான் நீ நம்பவில்லை. கடலடித் தட்டு ஒன்று இன்னொன்றின் அடியில் இறங்கும்போது தண்ணீரையும் கூடவே கொண்டுபோகிறது. அந்தத் தண்ணீர் மேலே உள்ள சூடான பாறைக்குள் ஏறினால், பாறை குறைந்த சூட்டிலேயே உருகிவிடும்.

"தண்ணி பட்டா ஆறத்தான செய்யும்? கல்லு இன்னா சக்கரையா, கரையறதுக்கு?" என்றாய். மீன் முள்ளை என் தட்டில் போட்டாய்.

பஸ்ஸில் வகைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். பயம் வந்தால் நான் செய்வது இதுதான். சிலர் சாமி பெயரைச் சொல்வார்கள்.

கேடய எரிமலை. குழம்பு இளகலாக இருக்கும், தடையில்லாமல் ஓடும். பெரும்பாலும் வெடிக்காது. ஓடி ஓடிப் படிந்து, கவிழ்த்த தாம்பாளம்போல் அகன்று கிடக்கும். சூடான தூண் எழும்பும் இடங்களில், கடல் நடுவே. இங்கே தூண் இல்லை. மனதில் இருந்த பட்டியலில் அதை அடித்தேன்.

சிண்டர் கூம்பு. வாய்வழியே கக்கிய குழம்புத் துண்டுகள் காற்றிலேயே உறைந்து, திரும்ப விழுந்து, வாயைச் சுற்றியே குவியும். லாரி கொட்டிய ஜல்லிக் குவியல்போல. வீடியோவில் குவியல் இல்லை. அடித்தேன்.

அடுக்கு எரிமலை. குழந்தைகள் படம் வரையச் சொன்னால் வரைகிற, உச்சி கூரான மலை. குழம்பு பிசுபிசுப்பானது. உள்ளே அடைபட்ட வாயுவுக்கு வெளியேற வழியில்லை. அடைந்து, அடைந்து, ஒருநாள் தன் தலையையே பிய்த்துக்கொள்ளும். குழம்பு ஒரு அடுக்கு, சாம்பல் ஒரு அடுக்கு என்று வளர்வது. தட்டு ஒன்றின்கீழ் ஒன்று இறங்கும் இடத்தில் பிறப்பது. நமக்கு அருகில் உள்ளது அந்தமான் கடலில், பாரன் தீவில். இந்தக் கரையிலிருந்து மொத்த வங்கக்கடலையும் தாண்ட வேண்டும். ஜன்னலில் கடல் அமைதியாக இருந்தது. அடித்தேன்.

குவிமாடம். வாய்வரை வந்தும் ஓட முடியாத அளவுக்குக் கெட்டியான குழம்பு, பிதுக்கிய பற்பசைபோல் அங்கேயே குவிந்து நிற்கும். இல்லை. பெருவாய். உள்ளே இருந்தது ஒரேயடியாக வெளியே கொட்டிய பிறகு, தாங்க ஒன்றுமில்லாமல் மலை தனக்குள்ளேயே இடிந்து விழுந்த பள்ளம். முதலில் ஒரு மலை வேண்டும். இல்லை.

கடைசியாக, நான் அம்மாவிடம் சொன்னது. பிளவு எரிமலை. மலை கிடையாது. தரையில் நீண்ட விரிசல், அதன் வழியாகக் குழம்பு வழிந்து ஊர் ஊராக மூடும். மகாராஷ்டிரத்தின் கறுப்பு மேட்டுநிலம் அப்படி வந்ததுதான். ஆனால் அதற்கும் கீழே உருகிய பாறை இருக்க வேண்டும். நம் ஊருக்குக் கீழே இருப்பது எது? மாமல்லபுரத்தில் உளிபட்ட அதே பழைய, கெட்டியான பாறைக் கூட்டம். ஆழத்தில் பெரும் சூட்டில் உருவாகி, மனிதன் என்ன, மீன்கூடப் பிறக்காத காலத்திலேயே ஆறிப்போனது. செத்துப்போன நிலம் என்று என் நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன்.

எல்லாவற்றையும் அடித்தாகிவிட்டது. எதுவும் மிச்சமில்லை. ஆனால் அங்கே மண் உருகிக்கொண்டிருக்கிறது. கீழே இருந்து சூடு வர வழியில்லை என்றால்?

மாமல்லபுரத்தில் பஸ் மாறினேன். வீடியோவைத் திரும்பப் போட்டேன். புகையைப் பார்க்கவில்லை. ஓரங்களைப் பார்த்தேன். இடது ஓரத்தில், முள்ளுக்குள்ளே, சாய்வாக ஒரு கோடு. முதல்நாள் அதைக் கொடி என்று நினைத்திருந்தேன். கொடி அவ்வளவு நேராக இருக்காது. அது கம்பி. மின்கம்பம் சாயாமல் இழுத்துக் கட்டும் ஸ்டே கம்பி. அது மண்ணில் இறங்கும் இடத்தில்தான் அந்தத் துளை.

சூடு மேலே இருந்து வருகிறது. மின்சாரம் அந்தக் கம்பியில் இறங்கி மண்ணை உருக்கிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் அம்மா வெறுங்காலோடு போய்த் தண்ணீர் ஊற்றப்போகிறாள்.

அம்மாவின் போன் அடித்து ஓய்ந்தது. பூங்காவனம் அத்தை எடுத்தாள். பம்பைச் சத்தம் தவிர எதுவும் கேட்கவில்லை. உன்னோடு லைன்மேனாக இருந்த முனுசாமி அண்ணனைக் கூப்பிட்டேன். நீ போன பிறகு அந்த எண்ணை நான் அழைத்ததே இல்லை.

"அண்ணே, அம்மன் கோயில் பின்னாடி கம்பம். ஸ்டே கம்பில கரண்ட்டு இறங்குதுண்ணே. மண்ணு உருகுது."

"அய்யய்யோ. யாரையும் கிட்ட வுடாத. தண்ணி கிண்ணி ஊத்தப்போறாங்க."

"அதுக்குத்தான் போய்கினு கீறாங்க. எங்கம்மாதான் முன்னாடி."

"லைன ஆஃப் பண்ணச் சொல்றேன். நானும் வர்றேன். பத்து நிமிசம், கால் மணி ஆவும். நீ எறங்கினதும் ஓடு."

ஓடினேன். கோயிலைத் தாண்டியதும் பார்த்தேன். இரவு தூறியதில் மேல்மண் ஈரம். மஞ்சள் புடவையில் வரிசையாகப் பெண்கள். எல்லோருக்கும் முன்னால் அம்மா. இடுப்பில் குடம். துளைக்குப் பத்தடி இருக்கும்போது நின்றுவிட்டிருந்தாள். கண் மூடியிருந்தது. உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது.

"வந்துட்டா! செல்வம் அம்மா மேல ஆத்தா வந்துட்டா!" பூங்காவனம் அத்தை கத்தினாள். பம்பை வேகமெடுத்தது. ஓம் சக்தி என்று வரிசை முழுக்கக் கூவியது.

அவர்கள் பார்த்தது அருள். நான் பார்த்தது அம்மாவின் இரண்டு பாதங்களுக்கும் நடுவே இருந்த தூரம். துளையிலிருந்து விலக விலக மண்ணில் மின்னழுத்தம் குறையும். ஒரு கால் கிட்டேயும் ஒரு கால் தள்ளியும் இருந்தால், மின்சாரம் ஒன்றில் ஏறி மற்றதில் இறங்கும். அடி அகலமாக வைத்தால் அதிகமாகும். இன்னும் இரண்டு அடி எடுத்துவைத்தால்?

நான் அம்மாவிடம் ஓடவில்லை. இதை உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். அவளுக்கு இருபது அடி பின்னால், வேப்பமரத்தருகே நின்றுவிட்டேன். அறிவோடு நின்றேன் என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொள்கிறேன். அது அறிவு இல்லை. பயம்.

கைக்கு எட்டியது பம்பைக்காரரின் கை. பிடித்து நிறுத்தினேன். சத்தம் நின்றது.

"அம்மா, நவுராத! அங்கியே நில்லு!"

"சாமி வந்தவளப் பாத்து இப்பிடிக் கத்துறியேடி! படிச்சா மருவாதி போயிடுமா?" என்றாள் அத்தை.

"அது சாமி இல்ல அத்த, கரண்ட்டு. எரிமலையும் இல்ல. எல்லாம் பின்னாடி போங்க."

"நேத்து நீதான எரிமலைன்ன?"

"தப்பா சொல்லிட்டேன்."

"அப்ப இன்னிக்கி சொல்றது மட்டும் ரைட்டுன்னு நாங்க எப்பிடி நம்புறது?"

அவள் கேட்டது நியாயம்.

அம்மா கண்ணைத் திறக்காமலே பேசினாள். "யாரோ என் கால புடிச்சிகினு கீறாங்கடி."

சொல்லிக்கொண்டே வலது காலைத் தூக்கினாள். முன்னால் வைக்க.

"அண்ணன் கூப்புடுறான்மா!" என்று கத்தினேன். எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை? "செல்வம் அண்ணன் சொல்றான். முன்னாடி போவாத. கால அங்கியே கீழ வை. ரெண்டு காலையும் ஒட்டி வெச்சிக்கோ. தூக்காத. தரையில தேச்சிகினே பின்னாடி வா."

கண் திறந்தது. "செல்வமா?"

"ஆமாம்மா. அவன்தான் சொல்றான்."

வந்தாள். பாதத்தோடு பாதம் உரச, அரை அடி அரை அடியாக. குடம் இடுப்பிலேயே இருந்தது. அதில் ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. அந்த இருபது அடிக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது. அவள் விரல் என் கையில் பட்டபோது பொரிகிற சத்தம் திடீரென்று அடங்கியது. லைனை நிறுத்திவிட்டார்கள். கோயில் விளக்கும் அணைந்தது. அப்போதுதான் அத்தை வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

முனுசாமி அண்ணன் பைக்கை மண்ணில் போட்டுவிட்டு ஓடி வந்தார். அண்ணாந்து பார்த்தார். உச்சியில் இன்சுலேட்டர் உடைந்து, மேல் கம்பி சரிந்து ஸ்டே கம்பியில் படுத்திருந்தது. காற்றோ, மரக்கிளையோ. கெட்டித் தரை கொஞ்சமாகவே மின்சாரத்தை உறிஞ்சியதால் லைன் தானாகத் துண்டிக்கப்படவில்லையாம். பிறகு என்னைப் பார்த்தார்.

"எரிமலையாம். ஏம்மா, பூமிக்கு அடில எல்லாம் பாத்துகீற, கொஞ்சம் மேலயும் பாக்கக் கூடாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

இதோடு முடிந்திருந்தால் உனக்கு எழுதியிருக்கமாட்டேன்.

அன்று மத்தியானம் அம்மா சாப்பிடவில்லை. உள்ளங்காலைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். முகத்தில் பயம் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"ஆத்தா இல்லடி. அவன்தான். மொதல்ல கால புடிச்சான். அப்பறம் உன் வாயால வரச் சொன்னான். மூணு வருசம் கழிச்சி எம்புள்ள என்னைத் தொட்டுட்டான்."

திங்கட்கிழமை வேலை என்று படூருக்கு வந்துவிட்டேன்.

போன வாரம் முனுசாமி அண்ணன் அழைத்தார். ரோடு திரும்புகிற இடத்துக் கம்பத்தருகே, மழைத் தூறலில், அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தாளாம். உள்ளங்கையை ஸ்டே கம்பியில் வைத்திருந்தாளாம். ஏன் என்று கேட்டதற்குச் சிரித்தாளாம். அதற்கு முந்தின நாள் வேறொரு கம்பத்தில் பார்த்ததாக டீக்கடையில் சொன்னார்களாம்.

"அது நல்ல கம்பம், ஒண்ணும் ஆவல. எல்லாக் கம்பமும் நல்ல கம்பமா இருக்குமா? சொல்லிடு வாணி. என்னால முடியாது" என்றார்.

எதைச் சொல்ல வேண்டும் என்று உனக்குத் தெரியும். இது அச்சில் வந்தால் படிக்கிறவர்களுக்குத் தெரியாது.

நீ வழுக்கி விழுந்து செத்தாய் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறோம். லைன் ஆஃபில்தான் இருந்தது. ஐந்து நிமிட வேலை என்று தவறி வரும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கும் எர்த் கம்பியை மாட்டாமல் ஏறிவிட்டாய். எங்கோ ஒரு கல்யாண வீட்டில் ஜெனரேட்டரைப் போட, அதன் மின்சாரம் லைனில் திரும்பி ஏறியது. கீழே விழும்போது நீ உயிரோடு இல்லை. கருகிய உன் கையைத் துணி சுற்றி மறைத்தவர் சித்தப்பா. விழுந்துட்டான் என்று சொன்னவர் முனுசாமி அண்ணன். அம்மா என் பக்கம் திரும்பிப் பார்த்தபோது ஆமாம் என்று தலையாட்டியது நான். கரண்ட்டு என்று சொன்னால் வீட்டில் விளக்குப் போடும்போதெல்லாம் அவள் செத்துப்போவாள் என்று நினைத்தோம். அது தப்பா?

இப்போது அவள் கம்பம் கம்பமாக உன்னைத் தேடுகிறாள். நான் வேறு உன் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டுவிட்டேன். அது அவளைக் காப்பாற்றியது. அதுவே அவளைக் கொல்லப்போகிறதா?

எரிமலையைப் பற்றி எழுதினால் கடைசியில் ஒரு ஆசை வருகிறது. அடக்கிவைத்தது ஒருநாள் வெடிக்கும் என்று எழுதி முடித்துவிடலாம். எழுதமாட்டேன். பார்த்த உடனே பெயர் வைத்து நான் செய்தது போதும். எங்கள் வீட்டில் எதுவும் வெடிக்கவில்லை. அம்மா சமைக்கிறாள், தூங்குகிறாள், சாயங்காலமானால் வெறுங்காலோடு நடக்கப் போகிறாள். அவ்வளவுதான் நடக்கிறது. என்னால் தாங்க முடியாதது அதுதான்.

மழைக்காலம் வருகிறது. காத்திருக்க முடியாது. நாளைக் காலை முதல் பஸ்ஸில் போகிறேன். அம்மாவின் எதிரில் உட்கார்ந்து, "உன் காலைப் பிடித்தது அண்ணன் இல்லை, அண்ணனைக் கொன்ற கரண்ட்டு" என்று சொல்லப்போகிறேன். அவள் முகத்தில் இப்போது இருக்கும் அந்த வெளிச்சத்தை என் கையால் அணைக்கப்போகிறேன். பிறகு அவள் என்னோடு பேசுவாளா? உன்னை இரண்டாம் முறை பறிகொடுப்பாளா? எனக்குத் தெரியாது. தெரியாது என்று இந்த முறை சொல்ல முடிகிறது.

உனக்கு ஒரு வாக்கு தருகிறேன், அண்ணா. அம்மாவிடம் சொல்லி முடிக்கும்வரை இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்பமாட்டேன். சொல்ல முடியாமல் திரும்பி வந்தால் கிழித்துவிடுவேன். இதை யாராவது ஒருவர் அச்சில் படிக்கிறார் என்றால், அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

கால் நடுங்கினாலும் போகப்போகிற,
உன் கூடப் பிறந்த ஒரே தங்கை,
வாணி